மோல்டிங் இழைப்புளியும் சீசர் செலாரும்

கதவு நிலையைச் சுற்றியும், சுவரும் கூரையும் சேரும் இடத்திலும் வளைவு வளைவாக ஓடும் மரச்சட்டத்தைத்தான் மோல்டிங் என்கிறார்கள். இன்று ஒரு ரூட்டர் டேபிள் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். ரூட்டரை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்துவார்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிட் சுற்ற, அதை ஒட்டிக் கட்டையைத் தள்ளினால் வளைவு தயார்.

மின்சாரம் இல்லாத காலத்தில்? ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனி இழைப்புளி வேண்டும்! சாதாரண இழைப்புளியின் அடிப்பக்கம் தட்டை. மோல்டிங் இழைப்புளியின் அடிப்பக்கமோ வேண்டிய வளைவுக்கு நேர் எதிர் வடிவத்தில் இருக்கும். இரும்பு அலகையும் அதே வடிவத்தில் தீட்டியிருப்பார்கள். கூரையோரத்துக்கான அகல மோல்டிங் என்றால் ஒரு ஆள் பலம் போதாது. ஒருவர் பின்னாலிருந்து தள்ள, இன்னொருவர் முன்னால் கயிறு கட்டி இழுக்க வேண்டும்.

இந்த இழைப்புளிகளைச் செய்து விற்பது ஒரு தனித் தொழில். அமெரிக்காவில் இதைச் செய்தவர்களில் பெயர் தெரிந்த மிகப் பழைய ஆள் பிரான்சிஸ் நிக்கல்சன். மாசசூசெட்ஸில் ரெந்தம் என்ற ஊரில் இருந்தார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர்தான் சீசர் செலார். கூலியாள் அல்ல, ஆப்பிரிக்க வம்சாவளி அடிமை.

1753-ல் நிக்கல்சன் இறந்தார். உயிலில் செலாருக்கு விடுதலை எழுதியிருந்தார். கூடவே 10 ஏக்கர் நிலம், வேலை மேசை, கருவிகள்.

விஷயம் இந்தக் 'கூடவே'யில்தான் இருக்கிறது. வெறும் விடுதலை மட்டும் கிடைத்திருந்தால், எவ்வளவு கைத்திறமை இருந்தும் செலார் அடுத்த நாளே எங்காவது கூலிக்குப் போயிருக்க வேண்டும். காமர்ஸ் பாடத்தில் சொல்வது போல், உழைப்பு இருக்கிறது, மூலதனம் இல்லை. கருவிகள் கைக்கு வந்ததால் அவரே ஒரு பட்டறைக்குச் சொந்தக்காரர் ஆனார். (அதற்காக நிக்கல்சனை வள்ளல் என்று புகழ வேண்டியதில்லை. பல வருடக் கூலி பாக்கியை செத்த பிறகு கொடுத்தார் என்றும் சொல்லலாமே!)

அதன் பிறகு செலார் செய்த இழைப்புளிகளின் முன்பக்கத்தில் அவர் பெயரே முத்திரையாக விழுந்தது. பெயருக்குக் கீழே "ரெந்தமில் வசிப்பவர்" என்றும் இருக்கும். அன்றைய பிராண்ட் அதுதான். மாசசூசெட்ஸ் நீதிமன்றம் அடிமை முறை அந்த மாநில அரசியல் சட்டத்துக்கு ஒத்துவராது என்று சொன்னதே 1783-ல்தான். செலார் இறந்தது 1784-ல். அதாவது, சுற்றிலும் அடிமைகள் இருந்த ஊரில் சுமார் 30 வருடம் சொந்தப் பெயரில் வியாபாரம் செய்திருக்கிறார்.

பிறகு இயந்திரங்கள் வந்தன. 1828-ல் வில்லியம் உட்வர்த் பலகை இழைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 14 வருடத்தில் முடிய வேண்டியது, நீட்டித்து நீட்டித்து 1856 வரை ஓடியது! மில்களில் மோல்டிங் அடி அடியாக வந்து விழுந்த பிறகு கை இழைப்புளிக்கு மவுசு போனது. மின்சார ரூட்டர் வந்தது 20-ஆம் நூற்றாண்டில்.

பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறவர்களுக்கு இன்றும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து வளைவு கடையில் கிடைக்காது. ரூட்டர் டேபிளில் இரண்டு மூன்று பிட்களை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரேயடியாக வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அதைக் கொண்டுவருகிறார்கள். செலார் செய்த இழைப்புளிகளும் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அவற்றை வாங்குகிறவர்கள் மரம் இழைப்பதற்காக வாங்குவதில்லை. அந்த முத்திரைக்காகத்தான் வாங்குகிறார்கள்.