பிகோனியா: பெயருக்குப் பின்னால் ஒருவர்

ஊரூரும் ஒல்காட் குப்பமும் அடுத்தடுத்த மீனவர் குடியிருப்புகள். வெளியிலிருந்து வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்து ஊரூர் ஒல்காட் குப்பம் என்பார்கள். சுற்றிலும் பெசன்ட் நகர், எலியட்ஸ் பீச், மணலில் தனியாக நிற்கும் ஷ்மிட் நினைவுச்சின்னம். வாயில் புழங்கிப் புழங்கி இவையெல்லாம் எங்கள் சொந்தப் பெயர்களாகவே ஆகிவிட்டன. 'யாருப்பா இவங்கெல்லாம்?' என்று யாரும் நின்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி எனக்கு ஒரு பூந்தொட்டியின் வழியாக வந்தது.

கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் பிகோனியா வளர்ப்பது கொஞ்சம் வீம்புதான். உப்புக்காற்று பட்டால் இலையின் ஓரம் கருகும். மே மாதத்து மொட்டைமாடியில் ஒரே நாளில் துவண்டுவிடும். ரோஜா அளவுக்குப் பூக்கும் கிழங்கு வகைகள் ஊட்டிக் குளிருக்குத்தான் சரி. இங்கே ஓரளவு தாங்குவது மெழுகு பிகோனியாவும், மூங்கில் மாதிரி கணுக்கணுவாக உயரும் வகையும். வீட்டுக்குள் என்றால் காலை வெயில் மட்டும் விழும் கிழக்கு ஜன்னல். வெளியே என்றால் கடற்காற்று நேராக அடிக்காத சுவரோரம், மரநிழல். தேங்காய்நார்த் தூள், மணல், மக்கிய இலை மூன்றும் கலந்த மண். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் இலையில் படாமல். இந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "இன்னா தம்பி, இந்த எலைக்கு ஒரு பக்கம் மட்டும் பெருசா கீது?" இலையின் இரு பாதியும் சமமாக இல்லாததுதான் பிகோனியாவின் அடையாளம் என்றேன். "பிகோனியாவா? யாரு அது?" என்றார்.

ஆள் பெயர் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! அது மிஷேல் பெகோன் என்ற பிரெஞ்சு அதிகாரியின் பெயர். 1638இல் பிறந்தவர். 1682 முதல் 1685 வரை, கரீபியக் கடலில் பிரான்ஸ் வைத்திருந்த தீவுகளின் நிர்வாகி. கரும்புத் தோட்டங்களும், அவற்றில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் நிறைந்த தீவுகள். அந்த அடிமைகளை எப்படி ஆள்வது என்று பாரிசுக்கு ஒரு சட்ட வரைவு தேவைப்பட்டது. 1683 பிப்ரவரியில் ஆளுநர் பிளெனாக்குடன் சேர்ந்து அதை எழுதி அனுப்பியவர் பெகோன். 1685 மார்ச்சில் பதினான்காம் லூயி பிறப்பித்த 'கோட் நுவார்', அதாவது கருப்புச் சட்டம், அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான்.

60 பிரிவுகள் கொண்டது அந்தச் சட்டம். அடிமை ஓர் அசையும் சொத்து என்கிறது ஒரு பிரிவு. ஓடிப்போய் ஒரு மாதம் திரும்பாதவரின் காதுகளை அறுத்து, தோளில் சூடு போட வேண்டும் என்கிறது இன்னொன்று. இரண்டாம் முறை ஓடினால் பின்னங்கால் நரம்பை வெட்டி, மறுதோளிலும் சூடு. மூன்றாம் முறை மரணம். சூட்டுக்கோலின் முனையில் இருந்தது பிரெஞ்சு அரசின் சின்னமான லில்லிப் பூ. சதையில் ஒரு பூவைப் பொறித்தார்கள். அந்த அரசுக்கு வேலை செய்தவரின் பெயரை, கொஞ்ச காலம் கழித்து, இன்னொரு பூவுக்கு வைத்தார்கள்.

வைத்தவர் ஷார்ல் ப்ளூமியே என்ற துறவி, தாவரவியலாளர். 1689இல் அவர் கரீபியப் பயணம் போக வழிசெய்தவர் பெகோன். அங்கே கண்ட செடிகளுக்கு ப்ளூமியே நன்றிக்கடனாக இட்ட பெயர் 1700இல் தூர்னேஃபோரின் நூலில் அச்சானது. 1753இல் லின்னேயஸ் அதை ஏற்றுக்கொண்டார். இன்று 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் உலகெங்கும் இந்தப் பெயரைச் சுமக்கின்றன.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பாறைகளில், ஓடையோரங்களில் தானாக முளைக்கும் ஒரு பிகோனியா உண்டு. பிகோனியா மலபாரிகா என்று 1785இல் லமார்க் அதற்குப் பெயரிட்டார். ஆனால் அது அதற்கு முன்பே புத்தகம் ஏறிவிட்டது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த வான் ரீடே தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்' நூலில், 'செறிய நரிநம்புளி' என்ற மலையாளப் பெயரோடு அதன் படம் இருக்கிறது. அந்த நூலுக்குச் செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். 'புளி' என்பதைக் கவனியுங்கள். பிகோனியா இலையில் ஆக்சாலிக் அமிலம் உண்டு, கடித்தால் புளிக்கும். கடித்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. 'பிகோனியா' அச்சேறுவதற்கு முன்பே அச்சேறியும், உலகப் பெயர்ப்பலகையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அப்படியானால் எங்கள் குப்பத்தின் பெயரிலும் ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறாரே? ஹென்றி ஸ்டீல் ஒல்காட் 1882இல் பிரம்மஞான சபையை அடையாற்றுக்குக் கொண்டுவந்தவர். அவருடைய ஆன்மிகத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் 1894இல், மற்ற பள்ளிகள் வாசலிலேயே நிறுத்திய பறையர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்தார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு இலங்கை போனார். யார் அவர் என்று கேட்டால் இங்கே சொல்ல ஒரு பதில் இருக்கிறது. பெயர் வெளியூர்க்காரருடையதா என்பதைவிட, இந்தப் பதில்தான் எனக்கு முக்கியம்.

பெயர்களை மாற்றவே முடியாது என்பதும் இல்லை. 2024இல் மத்ரீதில் கூடிய தாவரவியல் மாநாடு, ஆப்பிரிக்கர்களை இழிவுபடுத்தும் 'காஃப்ரா' என்ற சொல்லை 200க்கும் மேற்பட்ட தாவரப் பெயர்களில் 'ஆஃப்ரா' என்று மாற்ற வாக்களித்தது. பெகோனின் பெயரையும் நீக்க வேண்டுமா? நீக்கினால், 1685இல் நடந்ததை ஒரு தொட்டியைக் காட்டிச் சொல்லும் வாய்ப்பும் போய்விடும் என்று நினைக்கிறேன். சொல்லாமலே வைத்திருந்தால்தான் அது வெறும் மரியாதை.

பிகோனியாவைப் பகிர்வது சுலபம். சில வகைகளில் ஒரு இலையின் அடிப்பக்க நரம்புகளைக் கீறி ஈரமணலில் படுக்க வைத்தால், சில வாரங்களில் கீறிய இடங்களில் குட்டிச் செடிகள் எழும். அப்படி வந்த ஒன்றை அக்காவிடம் கொடுத்து, கதையையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாவம், செடி இன்னா பண்ணும்?" என்றார். அப்புறம், "அந்தப் புளிப்புப் பேரு இன்னா, இன்னொரு தபா சொல்லு" என்றார்.