நாவினடி மாத்திரையும் 71ஆம் பிரிவும்

அபின் வகைப் போதைக்கு ஆட்பட்டோருக்கு மருந்து வழங்குவதை இந்தியச் சட்டம் தடுக்கவில்லை என்றால் ஆய்வு மாணவர்கள் பலர் வியப்படைகின்றனர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்தில் தடை விதிக்கும் 8ஆம் பிரிவே எங்கும் மேற்கோளாகிறது. 71ஆம் பிரிவை வாசிப்போர் குறைவு. அரசு சிகிச்சை மையங்களை அமைக்கலாம். பதிவுபெற்ற 'அடிமை'களுக்கு (சட்டத்தின் சொல் அது) இதே பொருள்களை நிபந்தனைகளுக்கு உட்பட்டு வழங்கவும் செய்யலாம் என்கிறது அப்பிரிவு. மருந்து தடைபட்ட வரலாறு அந்த 'நிபந்தனை'களின் வரலாறே.

பூப்ரெனார்ஃபின் நாவினடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. போதை ஏக்கத்தைத் தணிப்பது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் இதையும் மெத்தடோனையும் அத்தியாவசிய மருந்துகளாக ஏற்றது. இந்தியாவிலோ, போதை மீட்பு மையங்களுக்கு மட்டுமே வழங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு இது அனுமதிக்கப்பட்டது. அச்சம் ஆதாரமற்றதன்று: 1990களில் சென்னை உள்ளிட்ட நகரங்களில் இதன் ஊசி வடிவம் பெருமளவு தவறாகப் பயன்பட்டது. ஆனால் ஊசிக்கான அச்சத்தின் சுமையை மாத்திரையும் சுமந்தது.

2014 திருத்தம் 'அத்தியாவசியப் போதை மருந்து' என்ற புதிய வகையை உருவாக்கி, மாநிலந்தோறும் வேறுபட்ட உரிம முறையை ஒன்றாக்கியது. மார்ஃபினும் மெத்தடோனும் அதில் இடம்பெற்றன; பூப்ரெனார்ஃபின் இடம்பெறவில்லை. மருந்தியலில் இவை உறவினர்கள். சட்டத்திலோ முன்னவை 1961 ஐ.நா. உடன்படிக்கையின் 'போதைப்பொருள்', பின்னது 1971 உடன்படிக்கையின் 'மனமயக்கப் பொருள்'. வலி நிவாரணத்தை முன்னிறுத்திப் பிறந்த சீர்திருத்தம், போதை சிகிச்சையில் இங்கு மிகுதியாகப் பயன்படும் மருந்தைத் தொடாமலே கடந்துவிட்டது.

இந்தப் பாகுபாட்டின் விளைவு பெங்களூருவில் கூர்மையாகத் தெரிந்தது. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸை நாடிக் கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். 2020 மார்ச் 25, ஊரடங்கின் முதல் நாள். அன்றே தொலை மருத்துவ வழிகாட்டுநெறிகளும் வெளியாயின. 1985 சட்டத்தின் கீழ் வரும் எந்த மருந்தையும் தொலைவழி பரிந்துரைக்கக் கூடாது என்றன அவை. மனச்சோர்வுக்கான மருந்துச் சீட்டு கைப்பேசிக்கு வரலாம். இந்த மாத்திரைக்கு நேரில் வந்தாக வேண்டும், அத்திப்பள்ளி எல்லை மூடியிருந்தபோதும். அவ்வாண்டே தொலை மனநல மருத்துவத்துக்குத் தனி வழிகாட்டி வகுத்ததில் நிம்ஹான்ஸுக்கும் பங்குண்டு. ஆயினும் அந்தத் தடைப்பட்டியல் அதன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

அதே ஊரடங்கில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, தன் மையங்களில் நாள்தோறும் ஊழியர் கண்முன் நாவினடியில் கரைக்க வேண்டியிருந்த மாத்திரையைச் சில நாட்களுக்குச் சேர்த்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதித்தது. அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.