பொற்கம்பியிலிருந்து டைட்டேனியத்துக்கு

கல்முனைப் பக்கத்தில் பல் விழுந்த வயோதிபர்கள் வைத்துக்கொள்வதைக் ‘கட்டுப்பல்’ என்போம். இன்று அதை யாரும் எதனோடும் கட்டுவதில்லை. முரசின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். உண்மையிலேயே கட்டியவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013). கொர்தோவாவின் அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர். ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில், ஆடும் பற்களைப் பக்கத்துப் பற்களோடு பொற்கம்பியால் பிணைக்கச் சொல்கிறார். விழுந்த பல்லின் இடத்தில் மாட்டெலும்பில் செதுக்கியதை வைத்துக் கட்டலாமாம். ஏன் பொன்? வெள்ளி சில நாளில் பச்சை பிடிக்கும், பொன் மாறாது என்கிறார். எனக்கு இந்த ஒரு வரிதான் பெரிது.

உடம்பு ஏற்கும் உலோகம் எது என்பதற்கு அடுத்த விடை தற்செயலாகவே வந்தது. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில், பெர் இங்வார் பிரோனிமார்க் இரத்த ஓட்டத்தை ஆராய முயலின் காலெலும்பில் பதித்த டைட்டேனியக் கருவியைக் கழற்ற முடியவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் யோஸ்தா லார்சனின் கீழ்த்தாடையில் நான்கு திருகுகளை இறக்கினார். 1982 டொரொண்டோ மாநாட்டின் பின்னரே மருத்துவ உலகம் பரவலாக ஏற்றது. லார்சனுக்கோ அவை 2006இல் மௌத்தாகும்வரை உழைத்தன.

நமக்கு இது சாப்பாட்டு விடயம் மட்டுமல்ல. மேல் முன்பல் கீழுதட்டில் படாமல் ‘ஃபா’ எழுத்து சரியாகப் பிறக்காது. கீழ்ப் பல்தொகுதி வழுகினாலோ, ஓதுபவர் வாயைத் திறக்கவே கூச்சப்படுவார். 2002இல் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு திருகுகளில் கொளுவும் பல்தொகுதியே முதல் தெரிவு என்றார்கள். இரண்டே திருகு. அந்தச் செலவும் நம்மில் பலருக்குப் பொற்கம்பி விலைதான்.