காடு யார் பொறுப்பு? – அமராவதி மலையின் கதை



மலருக்குக் கட்டுரை என்றதும் பனியனைப் பற்றியோ பாய்லரைப் பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எழுத வந்திருப்பது காட்டின் சரித்திரத்தை. பாய்லர்காரனுக்குக் காட்டில் என்ன வேலை என்கிறீர்களா? காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அமராவதி அணையைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. 1957-ல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டி முடிக்கப்பட்ட அணை. உயரம் 90 அடி, கொள்ளளவு சுமார் 4 டி.எம்.சி. உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் தொடங்கி கரூர் வரை இந்தத் தண்ணீரை நம்பித்தான் வயலும் குடிநீரும். அணைக்கு வரும் பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் மலையில் பிறப்பவை.

ஆனால் அணைக்கு மேலேயுள்ள சின்னாறு பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உயரத்தில் இருக்கும் சோலைக்காடும் புல்வெளியும் பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அதற்குக் கீழே இருக்கும் முட்காடு மண்ணைப் பிடித்து வைக்கிறது. காடு கெட்டால் மண் அணைக்குள் வந்து சேரும். நாம் 4 டி.எம்.சி. என்று எழுதி வைத்திருப்பது அப்புறம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

சரி, அந்தக் காட்டைக் காப்பது யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷமாக அரசாங்கங்கள் மாறி மாறிப் பதில் சொல்லி வந்திருக்கின்றன. அதுதான் இந்தக் கட்டுரை.

கப்பலுக்குப் போன தேக்கு

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் போயிற்று. வெட்டு அதிகமானதும் கவலையும் வந்தது. 1856-ல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக டாக்டர் ஹியூ கிளெகார்ன் பொறுப்பேற்றார். அடுத்து, காட்டுக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இங்கே உண்டு. அந்தச் சட்ட யோசனைக்கு எதிர்ப்பு எழுந்தது அரசாங்கத்துக்கு உள்ளிருந்தே! 1871-ல் சென்னை வருவாய் வாரியம், இந்த மாகாணத்தில் ஏதாவதொரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே அனேகமாகக் கிடையாது, ஆடு மாடு மேய்க்கவும் விறகெடுக்கவும் ஊராருக்கு உரிமை உண்டு என்று வாதாடியது. வெள்ளைக்கார அதிகாரிகளே சொன்ன வாதம் இது. ஆனாலும் 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் ‘ரிசர்வ்’ ஆயின. நேற்றுவரை உரிமையாக இருந்த மேய்ச்சலும் விறகும் அனுமதிச் சீட்டுக்குள் அடங்கின.

வெட்டிய காட்டை மறுபடி வளர்த்த பெருமை ஹியூகோ வுட் என்ற அதிகாரிக்கு உண்டு. டாப்ஸ்லிப்பில் அவர் கல்லறை இருக்கிறது. கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் சொல்லுவாங்க. வணங்க வேண்டிய மனிதர்தான். ஆனால் மரம் இழுத்த யானைகளை நடத்திய மலசர்களுக்கும், காட்டு வழி காட்டிய காடர்களுக்கும் எங்கே கல்வெட்டு?

பஞ்சாயத்துக்கு வந்த காடு

சட்டம் வந்து முப்பது வருஷத்தில் புகார்கள் குவிந்தன. 1913-ல் சென்னை மாகாண வனக் குழு அறிக்கை தந்தது. கிராமத் தேவைக்கான காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதன்படி வனப் பஞ்சாயத்துகள் உருவாயின. இன்று புதுசு என்று நாம் பேசும் ‘மக்கள் பங்கேற்பு’ நூறு வருஷத்துக்கு முன்பே நம் மாகாணத்தில் இருந்திருக்கிறது! காலப்போக்கில் அது மங்கிப்போயிற்று. ஆனால் வடக்கே குமாவுன் மலையில், மக்கள் போராட்டத்துக்குப் பின் 1931-ல் விதி வகுத்து ஏற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் இன்றும் இருக்கின்றன.

சுதந்திர இந்தியாவில் திருப்பம் தந்த ஊர் மேற்கு வங்கத்தின் அரபாரி. 1972-ல் ஏ.கே. பானர்ஜி என்ற வன அதிகாரி, சிதைந்துபோன குங்கிலியக் காடு சுமார் 1,270 ஹெக்டேரை 11 கிராமத்தாரிடம் காவலுக்கு ஒப்படைத்தார். காடு தேறினால் விளைச்சலில் 25 சதவீதம் உங்களுக்கு என்றார். காடு தேறியது. 1988-ல் புதிய தேசிய வனக் கொள்கையும், 1990 ஜூன் 1-ல் கூட்டு வன மேலாண்மைக்கான மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தன.

தமிழ்நாட்டில் 1997-ல் ஜப்பான் கடனுதவியுடன் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கிற்று. கிராம வனக் குழுக்கள் அமைந்தன. தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, மரம் நடுதல், விறகு வெட்டிப் பிழைத்தவர்களுக்குக் கறவை மாட்டுக் கடன் என்று பல நல்ல வேலைகள் நடந்தன. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குழுவின் செயலாளர் வனத்துறை ஊழியர். பணம் வந்தது திட்டத்திலிருந்து. திட்டம் முடிந்ததும் பல ஊர்களில் குழு பெயர்ப்பலகையோடு நின்றுபோயிற்று.

மலைமேல் வேறு கதை

இதெல்லாம் அடிவாரக் கிராமங்களின் கதை. நம் அமராவதிக்கு மேலே தளிஞ்சி, மஞ்சம்பட்டி போன்ற குடியிருப்புகளில் புலையரும் முதுவரும் வாழ்கிறார்கள். ராகி, சாமை, தினை அவர்கள் பயிர். தேன், நெல்லி, கடுக்காய், தைலப்புல் அவர்கள் வருமானம்.

அந்தக் காடு 1976-ல் சரணாலயம் ஆயிற்று. 2000-ல் உச்சநீதிமன்ற உத்தரவு சரணாலயங்களிலிருந்து பட்ட மரத்தையும் புல்லையும்கூட எடுக்கக் கூடாது என்றது. ஆனைமலை பின்னர் புலிகள் காப்பகமும் ஆனது. புலியும் யானையும் வாழ வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், வேட்டைத் தடுப்புக் காவலராக இரவில் நடப்பதும் பெரும்பாலும் இந்தக் குடிகளின் பிள்ளைகளே. உழைப்பு அவர்களுடையது, முடிவு வேறொருவருடையது.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பாய்லர் பக்கத்தில் நிற்கிற ஆள் கையில் வால்வு இருக்கணும். வால்வு ஆபீஸ் ரூமில் இருந்துகொண்டு, வெடித்தால் பொறுப்பு ஆபரேட்டருக்கு என்றால் எந்த இன்ஜினியரும் ஒப்புக்கொள்ள மாட்டான். காட்டு விஷயத்தில் மட்டும் அதைத்தானே நூற்றைம்பது வருஷமாகச் செய்து வருகிறோம்?

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் வால்வைக் கையில் கொடுத்த சட்டம். சமுதாயக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அது உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டுப்பாடு ஒன்றால் பட்டா வழங்குவது தேங்கிக் கிடந்தது. 2016-ல்தான் உச்சநீதிமன்றம் அதை நீக்கியது. அதற்குள் அக்கம்பக்கம் முந்திக்கொண்டது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் 2011-ல், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோலிகர்களின் உரிமை அங்கீகரிக்கப்பட்டது. கேரளத்தின் வாழச்சாலில் 2014-ல் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்குச் சுமார் 400 சதுர கிலோமீட்டர் காட்டில் சமுதாய உரிமை கிடைத்தது. இந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கிராம சபைகள் அதிரப்பள்ளி மின் திட்டத்தை எதிர்த்து நின்றன. காட்டை விற்றுத் தின்பார்கள் என்று பயந்தவர்களுக்கு அது நல்ல பதில்.

சோலிகர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். பருவத்தில் லேசாகச் சருகு எரிக்கும் தங்கள் பழக்கத்தைத் தடுத்த பிறகுதான் உன்னிச்செடி காட்டை மூடியது என்று. அந்த அனுபவ அறிவை நிர்வாகம் கேட்டுக்கொள்ள ஓர் இருக்கை வேண்டும். உரிமை என்பது அந்த இருக்கைதான்.

நாம் என்ன செய்யலாம்?

ஆண்டுதோறும் மலையடிவாரத்தில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறோம். அங்கே காடு ஏற்கெனவே இருக்கிறது! அதைவிடப் பயனுள்ள வேலை உண்டு. சமுதாய வன உரிமை கோரும் கிராம சபைக்கு எல்லை குறித்த வரைபடம் வேண்டும். ஓடை, கோயில், தேன் எடுக்கும் பாறை எல்லாம் அதில் வர வேண்டும். ஊர்ப் பெரியவர் வழி காட்ட, சர்வே படித்த நம் தம்பி தங்கைகள் ஜி.பி.எஸ். கருவியோடு பின்னால் நடந்தால் போதும். கிராம சபை கேட்டால், வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டு, முறைப்படி போக வேண்டும். செலவை நம் சங்கம் ஏற்கலாம். பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர்கள் மலைத் தேனையும் தைலத்தையும் நேரே நல்ல விலைக்கு வாங்கலாம்.

ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்பார்கள். இழுக்கிறவனை வடத்தோடு நிறுத்திவிட்டு, தேர் எந்தத் தெருவில் போகணும் என்பதை மட்டும் வேறொருவர் தீர்மானித்தால் அது எத்தனை நாளைக்கு நகரும்? அமராவதியில் தண்ணீர் வர வேண்டுமானால், மேலே இருப்பவர்களின் சொல்லும் கீழே வர வேண்டும். அதற்கு நாம் காது கொடுப்போம், கை கொடுப்போம்.