பாதை சமைத்தோரும் பாதையில் வீழ்ந்தோரும்

கடுகண்ணாவைக் கணவாயில் நிற்கும் 125 அடிக் கோபுரம், கொழும்பு - கண்டி வீதியை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டதாகும். அவ்வீதியிலேயே, பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833இல் அமைந்த முதிரை மரப் பாலமோ தன்னை வகுத்த ஜெனரல் பிரேசருக்குத் தானே சின்னமாயிற்று. ஆணியின்றிப் பொருத்தப்பட்ட அதன் ஒற்றை வளைவு 205 அடி நீளமானது. 1905இல் அதனிடத்தை உருக்குப் பாலம் பெற்றது.

இவர்தம் திறனைக் குறைத்து மதிப்பிடுதல் நம் நோக்கமன்று. ஆயின், தேசாதிபதி பார்ன்ஸ் இவ்வீதிக்குக் கற்பிளக்க ஏவியது இராசகாரிய ஊழியத்தை. ஊதியமற்ற அவ்வூழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. அவ்வூழியர் பெயரைத் தாங்கிய கோபுரம் ஏதுமில்லை.

மாத்தளை மாவட்டத்தில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்க, அன்றேல் மூன்று சிலிங் செலுத்துக என 1848இல் விதித்த சட்டம், அவ்வாண்டு அங்கு மூண்ட கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்று. அதே காலத்தில் மன்னார்க் கரையிலிறங்கிய தமிழகத் தொழிலாளர், தம்புள்ளை, நாலந்தா வழியாக ஏறத்தாழ 150 மைல் காட்டைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். கோப்பித் தோட்டங்களுக்கான இவ்வடபாதையை வரைபடத்திலும் பார்க்க அவர்தம் பாதங்களே சமைத்தன எனலாம். நடந்த நாட்களுக்குக் கூலியில்லை. வழிச்செலவோ கங்காணியின் கணக்கில் அவர்கள் கடனாக ஏறியது. நடையின் விலையையும் நடந்தவனே செலுத்தினான்!

வாந்திபேதி, காய்ச்சல், பட்டினி ஆகியவற்றால் மாண்டோர் எத்தனை பேர்? எழுபதினாயிரம் என 1849இல் கொழும்பு ஒப்சேவர் மதிப்பிட்டது. வந்தோர் தொகையிலிருந்து திரும்பியோரையும் தோட்டங்களில் எஞ்சியோரையும் கழித்துப் பெற்ற கணக்கு அது. மிகைக்கணக்கென்பார் பின்வந்த ஆய்வாளர் சிலர். அக்கருத்தைப் புறக்கணிக்கவியலாது. எனினும், மனித உயிர்களைக் கழித்தற் கணக்காலன்றி அறிய வழியில்லாதிருந்த நிலையே ஆட்சியின் அக்கறையை அளக்கும் கோல்.

1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் வடபாதைப் பயணம் கைவிடப்பட்டது. பாதையின் நினைவை மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் சார்ந்த செவிவழிச் செய்திகளே பேணின. அம்மையும் பேதியும் துரத்திய மக்கள் மாரியிடம் தஞ்சம் புகுந்தமை வியப்பன்று. 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட மலையக மக்களின் நடைபவனி, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை வந்தடைந்தது.