கருப்பையின் மேல் எழுதிய கணக்கு

பூமியின் அழிவுக்கு மனிதப் பெருக்கமே காரணமென்று 1968இல் ‘மக்கள்தொகை வெடிகுண்டு’ எழுதிய பால் எர்லிக், வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர். டெல்லியின் நெரிசல் தெருவைக் காட்டியே நூலைத் தொடங்கினார். அந்த அச்சத்தை இங்கே சுமந்தது யார்? நெருக்கடிநிலையில் ஆண்களுக்குச் செய்த கட்டாயக் கருத்தடை, 1977இல் ஆட்சி கவிழ ஒரு காரணமானது. அதன்பின் கத்தி பெண்ணுடலுக்கு மாறியது.

1930களிலேயே பெரியார் கருத்தடையைக் கேட்டது பெண் விடுதலைக்காக. புதுச்சேரியின் பாரதிதாசனும் அதற்காகப் பாடினார். இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டுக்கும் குறைவான பிள்ளைகள்தான், முத்தியால்பேட்டையிலும் சிறு குடும்பங்களே மிகுதி. அதனால் பூச்சிகள் பெருகிவிடவில்லை. அவற்றைக் கொல்வது நஞ்சு என்று 1962இலேயே ரேச்சல் கார்சன் எழுதிவிட்டார்.

நமக்கும் பொறுப்புண்டு: வாங்கும் காய்க்கு எதைத் தெளித்தார்களென்று கேட்பது. தெளிக்கச் சொன்னவர்களை விட்டுவிட்டுப் பெற்றவளிடம் கணக்குக் கேட்பது பொறுப்பல்ல.