கதவு என்று ஒரு பெயர்

புதுச்சேரியில் 'லாபோர்த்' என்று ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்! அசல் தமிழர், வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சு சிவில் சட்டம் உங்களுக்கும் உண்டு. கூடவே ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். இவர் வைத்துக்கொண்டது லாபோர்த். 'கதவு' என்று அர்த்தம்!

துறந்தால் துறந்ததுதான். எல்லாம் பதிவேட்டில் ஏறியது. பின்னாளில் குடியுரிமைக்காகப் பேரன்கள் தேடியது தாத்தாவின் அந்த வரியைத்தான். ஏட்டைப் பூட்டினால் பேரனுக்கு நஷ்டம்; திறந்து போட்டால், தாத்தா உதறிய சாதியைத் தெருவே படிக்கும்.

பிரான்ஸில் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் 75 ஆண்டு கழித்துத்தான் பொதுப் பார்வைக்கு. இங்கே அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2017-ல். கதவு இருக்கிறது, சரி. சாவி யாரிடம் இருக்க வேண்டும், சொல்லுங்கள்?